இழவு வீட்டில் படித்த எச்சரிக்கை

உங்கள் விசாரணை அறையில் இந்த நாற்காலி உட்கார வசதியாக இருக்கிறது, அம்மா. எங்கள் அலுவலகத்தில் பொதுமக்களுக்காகப் போட்டிருக்கும் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காலுக்குக் கீழே ஒரு செம்புக்கல்லை முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம். யாராவது வந்து உட்கார்ந்தால்தானே பழுதுபார்க்கத் தோன்றும்.

என் பெயர் வெட்சன் ஜெரே. லுபன்சி நிலவியல் தகவல் கூடத்தில் பொதுத் தகவல் அதிகாரி. இந்த வட்டாரத்தில் பூமிக்கு அடியில் எங்கே தாது இருக்கிறது, எங்கே தண்ணீர் இருக்கிறது, மூடிப்போன சுரங்கம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த நிலம் உள்வாங்கக்கூடும், எல்லாம் வரைபடங்களாக எங்கள் இழுப்பறைகளில் இருக்கின்றன. எதுவும் ரகசியம் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து காசில்லாமல் பார்த்துவிட்டுப் போகலாம். வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். மரகதம் எங்கே, செம்பு எங்கே, மாங்கனீசு எங்கே. ஒரு பாஸ்டர் தன் சபைக்கு வாங்கிய மனையில் அடித்தளம் போடுவதற்கு முன்னால் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க வந்தார். "இருந்தா ஆண்டவரைப் பக்கத்து மனைக்கு மாத்திக்கலாம். அவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். இல்லை என்று வரைபடத்தைக் காட்டியதும், ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லிவிட்டு அங்கேயே கட்டினார். எங்கே பூமி விழும் என்று கேட்க மட்டும் ஒருவரும் வந்ததில்லை. ஆபத்து வரைபடங்கள் இருக்கும் இழுப்பறையில் சிலந்திகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன. நானும் அவற்றைத் தொந்தரவு செய்யவில்லை.

கலிலேயா குடியிருப்பை நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வீடுகள். சுரங்கத்தை மூடியபோது யார் எந்த வீட்டில் குடியிருந்தார்களோ அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் அப்பா உள்ளே துளை போடும் வேலை பார்த்தவர். கடைசி வரிசையில் அவருக்கு ஒரு வீடு கிடைத்தது, பிறகு எனக்கு வந்தது. பெரிய முற்றம், நடுவில் ஒரு அவகாடோ மரம். வேலிக்கு அந்தப் பக்கம் முன்பே உள்வாங்கிய நிலம். அங்கே யாரும் போகக் கூடாது என்று பலகை இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அந்தப் பலகையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே மக்காச்சோளம் போடுகிறார்கள். ஈரம் நன்றாக நிற்கும் மண்.

ஆபத்து வேலியோடு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தலைநகரிலிருந்து ஒரு குழு கருவிகளோடு வந்து கடைசி வரிசை முழுக்க அளந்துவிட்டுப் போனது. அளவுகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தன. அவற்றை வரைபடமாக்கி வண்ணம் தீட்டத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். பழைய சுரங்கப் பாதையின் கூரை துண்டு துண்டாக விழுந்துகொண்டே இருக்கிறது. கூரை விழ விழ, குழி மேலே ஏறி வருகிறது. கறையான் அரித்த கதவு வெளியே பெயின்ட் பளபளவென்று நிற்குமே, அந்த மாதிரி மேலே புல்லும் பூவுமாக இருக்கும். கை வைத்தால்தான் தெரியும். விழக்கூடிய இடத்துக்கெல்லாம் சிவப்பு தீட்டி முடித்துப் பார்த்தேன். சிவப்புக்கு நட்டநடுவில் என் வீடு. கழிப்பறை மட்டும் மஞ்சளில் இருந்தது. நானும் என் மனைவி டொரிக்காவும் மிச்ச வாழ்நாளைக் கழிப்பறையில் கழிக்கலாம் போலிருந்தது.

இப்படிப்பட்ட நிலத்தை ஆபத்தானது என்று அறிவித்துவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அரசாங்கம் உடனே காலி செய்யச் சொல்லும். மாற்று வீடு பற்றி யோசிப்பதாகச் சொல்லும். பிறகு யோசித்துக்கொண்டே இருக்கும். அந்த வீட்டை ஒரு கோழிக்குக் கூட யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அறிவிப்பதற்கு முன்னால் விற்றுவிடலாம் என்று நினைத்தேன். கூரை ஒழுகும் வீட்டை விற்கிறவன் மழை வருவதற்கு முன்னால்தான் விற்பான். எனக்கு ஒழுகல் மேலே இல்லை, கீழே இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

போனிஃபேஸ் கபாசோவுக்குத்தான் விற்றேன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையதுதான். அவன் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மகள் கசுபாவுக்குக் கல்யாணம் கூடிவந்த நேரம். வாடகை வீட்டில் பத்துப் பேர் நிற்க இடமில்லை, முற்றத்தோடு ஒரு வீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தான். அவன் பெம்பா இனம், நான் அங்கோனி இனம். அதை இந்த அறையில் விளக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்வதால் சொல்கிறேன். எங்கள் இரண்டு இனத்துப் பாட்டன்மார்களும் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். அலுத்துப்போய் நிறுத்தியதும் கேலி முறை வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் அவர்களைக் குரங்குதின்னி என்போம், அவர்கள் எங்களை எலிதின்னி என்பார்கள். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் கேவலம்.

அவன் வீடு பார்க்க வந்ததும் கேட்டைத் தட்டாமலே ஆரம்பித்தான்.

"என்னடா எலிதின்னி, வீட்டை விக்கிறியாமே? வளையில குடும்பம் பெருகிப்போச்சா?"

"குரங்குக்கு மரத்தோட ஒரு வீடு வேணும்னு கேள்விப்பட்டேன் மச்சான். நீ மேல இருந்துக்கோ, பொண்டாட்டி பிள்ளைங்க கீழ இருக்கட்டும்."

சுற்றிப் பார்த்தான். சுவரைத் தட்டினான், குழாயைத் திறந்து மூடினான், அவகாடோ ஒன்றைப் பறித்து மூக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு, "குறை ஏதாச்சும் இருக்கா? இப்பவே சொல்லிடு" என்றான்.

"ஒரே ஒரு குறைதான் மச்சான். தரைக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது."

அவன் சிரித்தான். செம்பு கிடைக்காது என்று நான் சொல்வதாக நினைத்திருக்கலாம். அவன் என்ன நினைத்தான் என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நாங்கள் ஊரின் மறுபக்கம், கெட்டிப் பாறை மேல் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். அந்தப் பாறையின் வரைபடத்தை நான் பார்த்திருந்தேன்.

அடுத்து அறிவிப்பு. சட்டம் இரண்டு காரியம் கேட்கிறது. ஆபத்து வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வையில் மாட்ட வேண்டும். குடியிருப்பவர்கள் கூடியிருக்கும் இடத்தில், அவர்கள் மொழியில், அதிகாரி வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாளையும் கூட்டத்தையும் அதிகாரியே தேர்ந்துகொள்ளலாம். முதல் காரியத்தை அன்றே முடித்தேன். காலண்டருக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் நடுவில், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் மாட்டினேன். நூறு பேர் அதைக் கடந்து போனார்கள். காலண்டரில் தேதி பார்த்தார்கள். ஒரு பொருளை யாரும் பார்க்கக் கூடாது என்றால் அரசு அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டால் போதும்.

இரண்டாவது காரியத்துக்குச் சந்தர்ப்பம் தானாக வந்தது. கபாசோவின் அண்ணன் இறந்துபோனார். இழவு அந்த வீட்டில், அந்த அவகாடோ மரத்தடியில். கடைசி வரிசை முழுக்க அங்கே தரையில் உட்கார்ந்திருந்தது. பெம்பா இழவில் அங்கோனிக்காரன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். செத்தவரைத் திட்டுவோம். பெட்டியைத் தூக்க விடாமல் வழிமறித்துச் சில்லறை கேட்போம். வெட்டிய குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, இது என் இடம் என்போம். அழுது களைத்தவர்கள் கொஞ்சம் மூச்சு விட வேண்டுமே, அதற்குத்தான் நாங்கள். அந்த வேலையில் எனக்கு ஊரில் நல்ல பெயர். துக்க வீட்டில் என்னைக் கண்டதுமே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்று டொரிக்காவின் பூப்போட்ட சிட்டெங்கே துணியைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கைகளில் மாட்டிக்கொண்டு போனேன். அரசு அறிவிப்பைப் படிக்கும் அதிகாரி என்ன உடுத்த வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. நான் தேடிப் பார்த்தேன். ஒரு கவிழ்த்த வாளி மேல் ஏறி நின்றேன், தாளைப் பிரித்தேன், எழுத்து மாறாமல் படித்தேன்.

"கலிலேயா கடைசி வரிசையில், இந்த மனையில் குடியிருப்பவர்களுக்கு அரசாங்கம் தெரிவிப்பது. உங்கள் காலுக்குக் கீழே பழைய சுரங்கத்தின் குழி மேல்நோக்கி வளர்ந்து வருகிறது. இந்த நிலம் எந்த நேரமும் உள்வாங்கலாம். இங்கே ஆட்கள் கூட்டமாகக் கூட வேண்டாம். கனமான வண்டிகளை நிறுத்த வேண்டாம். நிலம் அதிரும் எதையும் செய்ய வேண்டாம். தாமதிக்காமல் காலி செய்யவும்."

கபாசோவின் மனைவி பானா கடோங்கோ அழுது வீங்கிய முகத்தை நிமிர்த்தினாள். "அப்போ குழி வெட்டற கூலி மிச்சம்னு சொல்லுங்க எலிக்காரரே. பெரியவரை இங்கயே இறக்கிடலாம்" என்றாள்.

அவ்வளவுதான். முற்றம் முழுக்கச் சிரித்தது. கிழவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கபாசோ தொடையில் அறைந்துகொண்டு, "அரசாங்கமாம், முண்டாசு கட்டின அரசாங்கம்" என்று மூச்சுத் திணறினான். பெண்கள் வழக்கப்படி என் காலடியில் சில்லறை எறிந்தார்கள். பொறுக்கிக்கொண்டேன், எடுக்காமல் போனால் அவமரியாதை. மறுநாள் அலுவலகத்தில், குடியிருப்பவர்கள் கூடிய இடத்தில் அறிவிப்பு படிக்கப்பட்டது என்று தெரிவித்தேன். அதுவும் உண்மைதான்.

இங்கே நீங்கள், வேறு ஒரு கூட்டத்தில், முண்டாசு இல்லாமல் படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படித்திருக்கலாம். படித்திருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். கபாசோ அந்த நிமிடமே என் வீட்டுக்கு வந்து, இது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டிருப்பான்.

மழை தொடங்கிய பிறகு அவன் அலுவலகத்துக்கு வந்தான். எங்கள் குட்டைக்கால் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் தலைக்கு நேர் பின்னால் சுவரில் அந்த வரைபடம். அன்றைக்கு எலி என்றோ வளை என்றோ ஒரு வார்த்தை இல்லை.

"வெட்சன், ஒண்ணு கேக்கறேன். கேலியை ஒதுக்கி வச்சிட்டுப் பதில் சொல்லு."

"கேளு."

"சமையல்கட்டுக்குப் பின்னால தரை பிளந்திருக்கு. கை நுழையற அகலம். உள்ள இருந்து காத்து வருது, ஜில்லுனு. கல்லைப் போட்டேன், விழுந்த சத்தமே கேக்கல." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அன்னிக்கு இழவுல நீ படிச்சியே. அது நெசமா?"

கேலியை ஒதுக்கி வை என்று ஒருவன் சொல்லிவிட்டால், நேர்ப்பதில் சொல்வதுதான் முறை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அது சட்டம் அல்ல, வழக்கம். அவன் திரும்பிப் பார்த்திருந்தால் போதும், சுவரில் இருந்தது. நான் மறைக்கவில்லை. ஆனால் பேருந்து ஓட்டியவனுக்கு, கண்ணாடி இல்லாமல் பின்னால் பார்த்துப் பழக்கமில்லை போலும். பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்," என்றேன், "காலி பண்ணும்போது எல்லா எலியையும் பிடிச்சுத் தின்ன முடியல. என் சொந்தக்காரங்க கொஞ்சம் பேர் அங்கயே தங்கிட்டாங்க. அவங்கதான் தோண்டறாங்க. பானையில தண்ணி கொதிக்க வச்சு ஊத்து, வெளிய வருவாங்க. உப்பு போட்டு வறுத்து எனக்கு அனுப்பு."

அவன் மடியிலிருந்த தொப்பியை ஒரு முறை திருப்பினான். பிறகு தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, பெஞ்சு ஆடியது.

"நாசமாப் போறவனே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மூணு நாளா நான் தூங்கல. பானா கடோங்கோ மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டா. போய்ச் சொல்றேன், அவுத்து வைடின்னு." வாசலில் நின்று, "வர்ற சனிக்கிழமை கசுபாவுக்குக் கிச்சன் பார்ட்டி. டொரிக்கா தங்கச்சியை மறக்காம அனுப்பிடு" என்றான்.

நான் அவனுக்கு நிம்மதியைக் கொடுத்து அனுப்பினேன். அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான். வேறு யாரும் அதைக் கொடுத்திருக்க முடியாது.

கிச்சன் பார்ட்டி உங்களுக்குத் தெரியும். மணப்பெண்ணுக்குப் பானையும் கரண்டியும் கொடுக்க வந்த பெண்கள் பொழுதெல்லாம் ஆடித் தீர்ப்பார்கள், ஆண்பிள்ளை எவனும் கிட்டே போகக் கூடாது. ஆகவே அந்தச் சனிக்கிழமை கபாசோவும் நானும் தெருமுனை மதுக்கடையில், பீர்ப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். மக்காச்சோள பீர் அட்டைப்பெட்டியைக் குலுக்கிக் குலுக்கிக் குடித்தோம். தண்ணீர் லாரி ஒன்று எங்களைக் கடந்து அவன் வீட்டுப் பக்கம் போனது. அதற்கு முன்பே பந்தல், ஒலிபெருக்கி, பாடகர் குழுப் பெண்கள் எல்லோரும் போயிருந்தார்கள். முரசுச் சத்தம் நன்றாகக் கேட்டது. பானா கடோங்கோ இடுப்பை ஆட்டினால் பாஸ்டரே கண்ணை மூடிக்கொள்வார் என்று கபாசோ பெருமையாகச் சொன்னான். கூட்டம், கனமான வண்டி, அதிர்வு. நான் வாளி மேல் நின்று படித்த வரிசையிலேயே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

முரசு நின்றது.

"சாப்பாடு போடறாங்க போல" என்றான் கபாசோ.

"ஆமா" என்றேன்.

அது சாப்பாடு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த பெட்டி ஒரு முறை மெதுவாக நகர்ந்தது. பிறகு கூரைகளுக்கு மேல் சிவந்த புழுதி எழுந்தது. கபாசோவுக்கு முழங்கால் வலி. அப்படி ஓடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவன் எறிந்துவிட்டுப் போன பீரை நான் நிமிர்த்தி வைத்தேன், முழுக்கக் கொட்டிவிடாமல்.

மற்றதை மீட்புக்காரர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வீடு, பந்தல், லாரி, எல்லாம் ஒன்றாக இறங்கியிருந்தன. அவகாடோ மரம் சாயாமல் நின்றபடியே உள்ளே போயிருந்தது, உச்சிக் கிளை எங்கள் கால் மட்டத்தில். கழிப்பறை மட்டும் மேலே தனியாக நின்றது. என் வரைபடம் அவ்வளவு துல்லியம். பானா கடோங்கோவையும் பாடகர் குழுவில் சிலரையும் பிணமாக எடுத்தார்கள். கசுபாவை இன்னும் எடுக்கவில்லை. குழியின் விளிம்பில் கபாசோ குப்புறப் படுத்து அவள் பெயரைக் கூப்பிட்டான், அந்த அடிக்குரலில். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

காலையிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள், அம்மா. என் மனைவி டொரிக்கா அந்தச் சனிக்கிழமை ஏன் சிபாட்டாவில் என் அக்கா வீட்டில் இருந்தாள் என்று. என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். டொரிக்கா போக மறுத்தாள், கசுபாவுக்காகப் புதுத் துணி தைத்து வைத்திருந்தாள், இரண்டு பானை வாங்கியிருந்தாள். நான் கெஞ்சி, கத்தி, கடைசியில் அழுதுகூடக் காட்டிப் பேருந்தில் ஏற்றினேன். பானைகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கசுபா கேட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டாள். "அத்தை வரலையா மாமா?" என்று கேட்டாள். "அடுத்த தடவை வருவாம்மா" என்றேன்.

ஆமாம். எனக்குத் தெரியும். விற்றபோது தெரியும், வாளி மேல் நின்றபோது தெரியும், அவன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டபோது தெரியும், பானையைக் கொடுத்தபோதும் தெரியும். அன்றைக்கே விழும் என்று தெரியாது. அன்றைக்கு விழலாம் என்று தெரியும். அதிகாரியாக இரண்டையும் பிரித்துச் சொல்வது என் கடமை.

கபாசோ நேற்று உங்களிடம் என்ன சொன்னான் என்பதும் எனக்குத் தெரியும். "அவன் சொன்னான், நாங்கதான் சிரிச்சோம். அவன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றிருப்பான். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறான். போக்கிடம் இல்லாமல் இப்போது எங்கள் பின்னறையில் இருக்கிறான். டொரிக்கா அவனுக்குக் களி கிண்டிப் போடுகிறாள், என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தினமும் ஒரே பேச்சுதான் பேசுகிறான். "மச்சான், அன்னிக்கு எல்லாரையும் விட சத்தமாச் சிரிச்சவன் நான்தான். அரசாங்கம்னு உன்னைக் கேலி பண்ணினேன். நான் நம்பியிருந்தா அவங்க இருந்திருப்பாங்க. என்னை மன்னிச்சிடு."

அவன் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை, அம்மா. எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. நேற்று மாலை அவன் தோளில் கை போட்டு, "போகட்டும் விடு மச்சான், உன்னை நான் மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.